ஆர்வின் ஊரின் காற்றும் வாஷிங்டனின் ஒப்புதலும்

1973 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ், அந்த நகரத்து மக்கள் கனவிலும் நினைத்திராத ஒன்றை அறிவித்தார். புகைமூட்டம் கவியும் மாதங்களில் பெட்ரோலுக்கு ரேஷன். கார்கள் ஓடுவதை 80 சதவீதம் வரை குறைக்க வேண்டியிருக்கும். காரில்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாத நகரம் அது. அறிவித்தவர் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.வின் முதல் தலைவர். முகமை பிறந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அவர் தானாக விரும்பி அங்கே வரவில்லை. ஒரு நீதிமன்ற உத்தரவு அவரை வரவழைத்தது. லாஸ் ஏஞ்சலிஸின் புகையைப் பகல் நேரக் கடற்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு போய் மலையடிவாரத்தில் குவிக்கும். அங்கே இருக்கும் ஊர்கள் ரிவர்சைடும் சான் பெர்னார்டினோவும். புகையை உண்டாக்குகிறவர்கள் ஒரு பக்கம், மூச்சில் வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். காற்றைத் தூய்மையாக்க கலிஃபோர்னியா மாநிலம் அனுப்பிய திட்டம் போதாது என்று இ.பி.ஏ. சொல்லிவிட்டது. ஆனால் அப்படிச் சொன்னால் அதற்குப் பதிலாகத் தானே ஒரு திட்டம் எழுத வேண்டும் என்ற சட்டக் கடமையை அது நிறைவேற்றவில்லை. அந்த ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள், வென்றார்கள். பெட்ரோல் ரேஷன் கடைசிவரை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அமெரிக்காவில் காற்று மாசுக் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது, எங்கே இடறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதன் மையத்தில் இருப்பது மாநில நடைமுறைத் திட்டம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்.ஐ.பி. என்பார்கள். நம்மவர்களுக்கு அந்த எழுத்துகள் மாதாமாதம் பணம் போடும் முதலீட்டை நினைவூட்டும் என்பதால், இந்தக் கட்டுரையில் 'மாநிலத் திட்டம்' என்றே சொல்கிறேன்.

1948 அக்டோபரில் பென்சில்வேனியாவின் டோனோரா என்ற ஆலை நகரத்தில், துத்தநாக ஆலையின் புகையும் இரும்பாலையின் புகையும் மூடுபனியோடு சேர்ந்து சில நாட்கள் கலையாமல் நின்றன. சுமார் 20 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறிப் படுத்தார்கள். அதன் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காற்று பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பிலேயே இருந்தது. கட்டுப்பாட்டை இறுக்கினால் ஆலை பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற பயம் எல்லா மாநிலங்களுக்கும் இருந்தது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

1970 டிசம்பர் 31 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தூய காற்றுச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்க வேலையை இரண்டாகப் பிரித்தது. காற்றில் மாசு எந்த அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதை வாஷிங்டன் சொல்லும். அந்த அளவுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதை மாநிலம் சொல்லும். ஓசோன், நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஈயம் ஆகிய ஆறுக்கும் நாடு முழுவதற்கும் ஒரே தரநிலை உண்டு. ஓசோனுக்கு 2015 முதல் நூறு கோடிப் பங்கு காற்றில் 70 பங்கு. நுரையீரலின் ஆழம்வரை இறங்கும் 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 12 மைக்ரோகிராம் என்று இருந்ததை 2024-இல் 9 ஆகக் குறைத்தார்கள். இந்த எண்களை முடிவு செய்யும்போது மக்கள் உடல்நலத்தை மட்டுமே பார்க்க வேண்டும், செலவைப் பார்க்கக் கூடாது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. செலவைப் பற்றிய பேச்சுக்கு இடம் மாநிலத் திட்டத்தில்தான். எந்த ஆலையை எவ்வளவு நெருக்குவது, வாகனங்கள் மீது எவ்வளவு சுமை வைப்பது என்பதெல்லாம் மாநிலத்தின் கையில்.

மாநிலத் திட்டம் என்றதும் பைண்டு செய்த ஒரு புத்தகத்தைக் கற்பனை செய்யாதீர்கள். ஐம்பது ஆண்டுகளாகக் குவிந்துகொண்டே வரும் விதிகளின் அடுக்கு அது. கொதிகலனின் புகை அளவு, பெயிண்ட் கரைப்பான், பெட்ரோல் நிலையத்தில் ஆவியாகிப் போவதைப் பிடிக்கும் குழாய், வாகனப் புகைச் சோதனை, புதிய ஆலைக்கு அனுமதி தரும் முறை எல்லாம் அதில் உண்டு. எந்த மூலத்திலிருந்து ஆண்டுக்கு எத்தனை டன் மாசு வருகிறது என்ற கணக்கும், இந்த விதிகளால் குறித்த ஆண்டுக்குள் காற்று தரநிலைக்கு வந்துவிடும் என்று காட்டும் கணினி மாதிரியும் அதோடு இணைந்திருக்கும்.

தரநிலை மாறினால் மூன்று ஆண்டுகளுக்குள் மாநிலம் அடிப்படைத் திட்டத்தை அனுப்ப வேண்டும். தரநிலையை எட்டாத பகுதிகளுக்குத் தனிக் கெடுவோடு தனித் திட்டம். அனுப்பும் முன் மாநிலம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். ஆவணங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று இ.பி.ஏ. முதலில் பார்க்கிறது; ஆறு மாதம் பேசாமல் இருந்தால் முழுமை என்றே ஆகிவிடும். அங்கிருந்து 12 மாதத்துக்குள் ஏற்கிறோம், மறுக்கிறோம், அல்லது ஒரு பகுதியை மட்டும் ஏற்கிறோம் என்று சொல்ல வேண்டும். முடிவின் வரைவைக் கூட்டாட்சி அரசிதழில் வெளியிட்டு மீண்டும் ஒருமுறை மக்கள் கருத்தைக் கேட்கிறார்கள். கூட்டாட்சி அரசிதழில் சிறிய எழுத்தில் வரும் இந்த அறிவிப்புகளை ஒரு பத்திரிகையும் முதல் பக்கத்தில் போடுவதில்லை. போட வேண்டும் என்பது என் கருத்து. ஒரு மாவட்டத்துக் குழந்தைகள் அடுத்த பத்தாண்டு எதைச் சுவாசிப்பார்கள் என்பது அங்கேதான் முடிவாகிறது.

அந்த ஒப்புதலால் என்ன மாறிவிடுகிறது? ஒப்புதல் வரும்வரை அது மாநிலத்தின் சொந்த விதி. அடுத்த சட்டமன்றம் விரும்பினால் தளர்த்தலாம், நிதி இல்லை என்று தூங்கவிடலாம். ஒப்புதல் வந்த நாளிலிருந்து அந்த விதி கூட்டாட்சிச் சட்டமாகிவிடுகிறது. மாநிலம் அதைத் தனியாகத் திரும்பப் பெற முடியாது; மாற்ற வேண்டுமென்றால், மாற்றத்தால் காற்று கெடாது என்று காட்டி மறுபடியும் ஒப்புதல் வாங்க வேண்டும். மாநிலம் கண்ணை மூடிக்கொண்டால் இ.பி.ஏ. நேரடியாக ஆலை மீது நடவடிக்கை எடுக்கலாம். அதுவும் தூங்கினால் சாதாரணக் குடிமகன் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போகலாம். மாநிலம் கொடுத்த வாக்கு, கேட்டு வாங்கக்கூடிய உரிமையாக மாறுவது அந்த ஒப்புதலில்தான்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் ஆர்வின் ஊர்க்காரர்கள். கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் தென்கோடியில், கெர்ன் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) இருக்கும் சிறிய விவசாய ஊர் ஆர்வின். பெரும்பாலும் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள். கிழக்கே சியரா நெவாடா, மேற்கே கடலோர மலைத்தொடர், தெற்கே டெஹாச்சப்பி மலை. வடக்கிலிருந்து வரும் காற்று நெடுஞ்சாலை லாரிகள், எண்ணெய்க் கிணறுகள், பால் பண்ணைகள் என்று எல்லாவற்றின் மாசையும் சுமந்துகொண்டு வந்து, போக வழியின்றி இந்த மூலையில் நின்றுவிடும். குளிர்காலத்தில் நுண்துகள், கோடையில் ஓசோன். பள்ளத்தாக்கின் எட்டு கவுண்டிகளிலும் நாட்டின் மிக மோசமான காற்றுக்குப் போட்டி இருந்தால் ஆர்வின் எப்போதும் முன்வரிசையில் நிற்கும்.

இந்தப் பள்ளத்தாக்குக்கான நுண்துகள் திட்டத்தை இ.பி.ஏ. 2011-இல் ஏற்றது. ஊர்க் குழு அந்தத் திட்டத்தைப் படித்துப் பார்த்தது. மாசுக் குறைப்பில் பெரும்பங்கு எதிலிருந்து வருமென்று கணக்குக் காட்டியிருந்தார்கள்? கலிஃபோர்னியா தானே வகுத்துக்கொண்ட வாகனப் புகை விதிகளிலிருந்து. நாட்டிலேயே அந்த மாநிலத்துக்கு மட்டும், கூட்டாட்சி விதியைவிடக் கடுமையான வாகன விதிகளை வகுத்துக்கொள்ள விலக்குப் பெறும் உரிமை உண்டு. அப்படிப் பெற்ற விதிகளால் குறையும் டன்கள் திட்டத்தில் இருந்தன. விதிகள் மட்டும் திட்டத்தில் இல்லை. ஆகவே நாளை மாநிலம் அவற்றைத் தளர்த்தினால் ஆர்வின்காரர்கள் எந்த நீதிமன்றத்திலும் நின்று கேட்க முடியாது. 'நாங்கள் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறோம்' என்றது இ.பி.ஏ. 2015-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எந்த விதியை நம்பிக் கணக்குப் போட்டீர்களோ அந்த விதி திட்டத்துக்குள் இருந்தாக வேண்டும் என்றது. கலிஃபோர்னியா அவற்றைச் சேர்த்து அனுப்ப, இ.பி.ஏ. 2016-இல் ஏற்றது. ஒரு சிற்றூரின் குழு ஒரு மாநிலத்தையும் ஒரு கூட்டாட்சி முகமையையும் திருத்தியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இதுதான்.

வாஷிங்டனுக்கு வரம்பில்லாத அதிகாரம் இருப்பதாக இதைப் படித்து நினைத்துவிடக் கூடாது. மாநிலத் திட்டம் தரநிலையை எட்டவைக்குமானால், வழி சரியில்லை, வேறு வழியில் போ என்று இ.பி.ஏ. சொல்ல முடியாது என்று 1975-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு இன்னொரு வழக்கில், மாநிலம் வகுத்த விதி செலவு மிகுந்தது, தொழில்நுட்பத்தால் முடியாதது என்று ஒரு மின் நிறுவனம் வாதிட்டது. அந்தக் காரணத்துக்காக இ.பி.ஏ. ஒரு திட்டத்தை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். அதாவது, மாநிலம் தேவைக்கு மேல் கடுமையாக இருக்கலாம். தேவைக்குக் கீழே இறங்கத்தான் அனுமதியில்லை.

இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் கலிஃபோர்னியாவிலேயே உதாரணம் இருக்கிறது. அங்கே விவசாயத்துக்குக் காற்று அனுமதி தேவையில்லை என்று மாநிலச் சட்டத்தில் நீண்ட காலமாக விலக்கு இருந்தது. தண்ணீர் இறைக்கும் டீசல் பம்புகளும் பெரிய கால்நடைப் பண்ணைகளும் அந்த விலக்குக்குள் நிம்மதியாக இருந்தன. சட்டமன்றத்தில் விவசாயிகளின் குரல் வலுவானது என்பதால் யாரும் அதைத் தொடவில்லை. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. விலக்கு இருக்கும்வரை ஒப்புதல் கிடைக்காது, ஒப்புதல் இல்லாவிட்டால் தண்டனை வரும் என்ற நிலை ஏற்பட்டது. 2003-இல் சட்டமன்றம் விலக்கை நீக்கியது. உள்ளூர் அரசியலால் பல ஆண்டுகள் முடியாததைத் தண்டனை பயம் முடித்து வைத்தது.

அந்தத் தண்டனைகள் என்ன என்றால், திட்டம் மறுக்கப்பட்டோ அனுப்பப்படாமலோ 18 மாதம் போனால், புதிதாக வரும் பெரிய ஆலை தான் சேர்க்கப்போகும் ஒவ்வொரு டன்னுக்கும் ஏற்கனவே இருக்கும் மாசில் இரண்டு டன்னைக் குறைத்துக் காட்ட வேண்டும். இன்னும் ஆறு மாதம் போனால் கூட்டாட்சி நெடுஞ்சாலைப் பணம் நிற்கும். இரண்டு ஆண்டுக்குள் இ.பி.ஏ. தன் சொந்தத் திட்டத்தை அந்த மாநிலத்தின் மீது வைக்க வேண்டும். நெடுஞ்சாலைப் பணம் உண்மையிலேயே நிற்கும் அளவுக்குப் போவது அரிது; பெரும்பாலும் மிரட்டலே போதுமாகிவிடுகிறது.

ஆனால் சாலைகளைத் தொடும் இன்னொரு விதி இருக்கிறது. ஒரு நகரத்தின் போக்குவரத்துத் திட்டத்தால் உண்டாகும் மாசு, மாநிலத் திட்டத்தில் வாகனங்களுக்கு ஒதுக்கிய டன்களுக்குள் அடங்க வேண்டும். 1998 ஜனவரியில் அட்லாண்டாவால் அதை நிரூபிக்க முடியவில்லை. புறநகர் புறநகராகப் பரவிக்கொண்டே போன நகரம் அது; புதிய சாலைகளுக்கான கூட்டாட்சிப் பணம் உறைந்துபோனது. அதிர்ச்சியில் விழித்த ஜார்ஜியா, ஆளுநர் ராய் பார்ன்ஸ் காலத்தில், 1999-இல், பல கவுண்டிகளின் போக்குவரத்தைச் சேர்த்துக் கவனிக்கத் தனி ஆணையமே அமைத்தது. காற்றைப் பற்றிய ஒரு சட்டம் ஒரு பெருநகரத்தின் சாலை வரைபடத்தில் கை வைத்தது.

எதிர்ப்புறமும் நடந்திருக்கிறது. 1995 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ், வென்ச்சுரா, சாக்ரமெண்டோ பகுதிகளுக்கு இ.பி.ஏ. நீதிமன்ற உத்தரவின்படி தானே ஒரு திட்டம் எழுதியது. ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ரத்து செய்துவிட்டது. ஒரு மாநிலத்துக்கு வாஷிங்டன் அதிகாரிகள் விதி எழுதுவதை எந்தக் கட்சியின் வாக்காளரும் விரும்புவதில்லை. இ.பி.ஏ.வுக்கும் அது தெரியும். அதனால்தான் அது மறுப்பதற்கே தயங்குகிறது. மறுத்தால் தானே எழுத வேண்டும். மறுக்காமலும் ஏற்காமலும் கோப்பை வைத்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் வசதி. 12 மாதக் கெடு தாண்டி ஆண்டுக்கணக்கில் கிடக்கும் திட்டங்களை அசைக்க, யாராவது வழக்குப் போட்டு நீதிமன்றத்தில் தேதி வாங்க வேண்டியிருக்கிறது. இந்த அமைப்பின் உண்மையான நோய் இதுதான் என்று நினைக்கிறேன். சட்டத்தில் ஓட்டை என்பதைவிட, காலம் கடத்துவதற்கு யாரும் விலை கொடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். விலையைக் கொடுப்பவர்கள் இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளைகள்.

காலம் கடத்துவதன் கொடுமை மிகத் தெளிவாகத் தெரிவது மாநில எல்லையைத் தாண்டும் மாசில். எழுபதுகளில் பல ஆலைகள் ஓர் எளிய வழி கண்டன: புகைபோக்கியை உயர்த்து. உயரத்தில் விட்ட புகை உள்ளூர் அளவுமானிகளில் விழாது, பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும். பென்சில்வேனியாவின் ஹோமர் சிட்டி நிலக்கரி மின்நிலையத்தில் 1977-இல் எழுந்த புகைபோக்கி சுமார் 371 மீட்டர் உயரம். அதே ஆண்டு காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி, தேவைக்கு மேற்பட்ட புகைபோக்கி உயரத்தை மாசுக் குறைப்பாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. தன் மாசு இன்னொரு மாநிலத்தின் தரநிலையைக் கெடுக்காதபடி ஒவ்வொரு மாநிலத் திட்டமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. நல்ல அயலார் விதி என்று அதை அழைக்கிறார்கள்.

எழுத எளிதான விதி, கணக்கிட மிகக் கடினமானது. பத்து மாநிலங்களின் புகை கலந்து கனெக்டிகட் கடற்கரையில் ஓசோனாகிறது. எந்த மாநிலம் எவ்வளவு குறைக்க வேண்டும்? இதைப் பற்றிய பெரிய வழக்கு 2014-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. வழக்கின் பெயரிலேயே ஹோமர் சிட்டி இருக்கிறது. அந்த மின்நிலைய நிறுவனம்தான் இ.பி.ஏ.வை எதிர்த்தது. இ.பி.ஏ. பக்கம் தீர்ப்பெழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், காற்று தனக்கு இஷ்டமான இடத்தில் வீசுகிறது என்ற யோவான் நற்செய்தி வசனத்தைத் தீர்ப்பிலேயே எடுத்து வைத்தார்.

அந்த வெற்றி நீடிக்கவில்லை. 2015-இல் வந்த ஓசோன் தரநிலைக்கு மாநிலங்கள் 2018-க்குள் நல்ல அயலார் திட்டங்களை அனுப்ப வேண்டும். நாங்கள் கூடுதலாக எதுவும் செய்யத் தேவையில்லை என்றே பல மாநிலங்கள் எழுதி அனுப்பின. 2023 பிப்ரவரியில்தான் இ.பி.ஏ. 21 மாநிலங்களின் திட்டங்களை மறுத்தது. அடுத்த மாதமே 23 மாநிலங்களுக்குத் தன் திட்டத்தை இறுதி செய்தது. அதனால் 2026-இல் மட்டும் சுமார் 1,300 அகால மரணங்கள் தவிர்க்கப்படும் என்று மதிப்பிட்டது. மாநிலங்கள் அங்கங்கே இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றங்களுக்கு ஓடின. 12 மாநிலங்களில் மறுப்பு நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜூன் 27 அன்று உச்ச நீதிமன்றம், 5-க்கு 4 என்ற கணக்கில், இ.பி.ஏ. திட்டத்தையே நிறுத்திவைத்தது. திட்டத்துக்குள் இருக்கும் மாநிலங்கள் குறைந்தாலும் மீதி மாநிலங்களுக்கு அது ஏன் பொருந்தும் என்பதை முகமை சரியாக விளக்கவில்லை என்பது பெரும்பான்மையின் காரணம். நீதிபதி எமி கோனி பாரெட் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 2015-இல் பிறந்த குழந்தைக்கு அப்போது ஒன்பது வயது ஆகியிருக்கும். அந்த ஆண்டின் தரநிலைக்கான அயலார் திட்டம் இன்னும் காகிதத்தில்தான் இருந்தது. 2025 ஜூனில் இன்னொரு தீர்ப்பு, இப்படிப்பட்ட மறுப்புகளை எதிர்க்கும் வழக்குகளை அந்தந்த வட்டார நீதிமன்றத்திலேயே நடத்தலாம் என்றது. காற்று ஒன்று, அதற்கு இனி பத்து நீதிமன்றங்களில் பத்து பதில்கள் வரக்கூடும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், இந்த ஏற்பாடு பலன் தரவில்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை, உண்மையும் அதுவல்ல. 1970-க்கும் 2020-க்கும் இடையில் அந்த முக்கிய மாசுகளின் மொத்த வெளியேற்றம் அமெரிக்காவில் 78 சதவீதம் குறைந்தது. இதே காலத்தில் மக்கள்தொகையும் வாகனங்களும் பெருகின. ஹோமர் சிட்டி மின்நிலையம் 2023-இல் மூடப்பட்டு, அந்தப் புகைபோக்கியும் 2025 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

பள்ளத்தாக்கில் மட்டும் கெடுக்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஓசோன் கெடுவைச் சந்திக்க முடியாது என்று தெரிந்ததும், 2004-இல் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு தானே கேட்டு, மாசின் கடுமைக்கேற்பப் பகுதிகளைப் பிரிக்கும் வரிசையில் 'மிகத் தீவிரம்' என்ற கடைசிப் படிக்குப் போனது. அந்தப் படியில் கெடு நீளும். கூடவே, ஆண்டுக்கு 10 டன் மாசு விடும் சிறிய ஆலையும் பெரிய ஆலைக்கான விதிக்குள் வரும். நீண்ட கெடுவும் தவறியபோது, பெரிய ஆலைகள் மீது விழ வேண்டிய ஆண்டுக்குச் சுமார் 2.9 கோடி டாலர் அபராதத்தின் பெரும்பகுதியை, வாகனப் பதிவில் கூடுதலாக 12 டாலர் வாங்கி மக்களிடமே வசூலித்தார்கள். வாகனப் புகையைக் குறைக்க அந்தப் பணம் உதவும் என்பது அதிகாரிகளின் விளக்கம். பழைய காரில் பண்ணை வேலைக்குப் போகும் ஆர்வின் தொழிலாளியும் அந்த 12 டாலரைக் கொடுத்தார். எனக்கு இது இன்றும் நியாயமாகப் படவில்லை.

இப்போது அந்த ஊர்க்காரர்கள் 2015-இல் வென்ற இடத்துக்கே பிரச்சினை திரும்பி வந்திருக்கிறது. பள்ளத்தாக்கின் அடுத்த கட்டக் கணக்குகளில் கலிஃபோர்னியா பெரிதும் நம்பியிருப்பது கனரக லாரிகள் மீதான புதிய விதிகளை: நைட்ரஜன் ஆக்சைடைக் கடுமையாகக் குறைக்கும் என்ஜின்கள், புகையே விடாத லாரிகளின் பங்கை ஆண்டுதோறும் உயர்த்துவது. 2025 ஜூன் 12 அன்று, அந்த விதிகளுக்கு இ.பி.ஏ. கொடுத்திருந்த விலக்கை ரத்து செய்யும் காங்கிரஸ் தீர்மானங்களில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். கலிஃபோர்னியாவும் மற்றும் சில மாநிலங்களும் அன்றே வழக்குத் தொடுத்தன. ரத்து நிலைத்துவிட்டால், லாரிகளின் கணக்கில் எழுதிய டன்களை வேறு எங்கிருந்து குறைப்பது என்று மாநிலம் மீண்டும் தேட வேண்டும். தேடியதை எழுதி, பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும். அங்கே 12 மாதக் கெடு முதலிலிருந்து தொடங்கும். பள்ளத்தாக்கின் வழியே போகும் 99-ஆம் நெடுஞ்சாலையில் லாரிகள் அதுவரை இப்போது போகிறபடியே போய்க்கொண்டிருக்கும்.